கர்ட்டன்: ஓர் ஆங்கிலச் சொல்லின் பல பொருள்கள்

கர்ட்டன் என்பது சன்னல், வாயில், கட்டில், மேடை ஆகியவற்றின் முன் தொங்கவிடப்படும் துணியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஆகும். தமிழில் இது திரை, திரைச்சீலை, படுதா என வழங்கப்படுகிறது. ஆனால் ஆங்கில நூல்களிலும் நாளிதழ்களிலும் இச்சொல் வரும் பல இடங்களில் துணி என்பதே இருப்பதில்லை. கோட்டையின் கல்மதில், அடுக்குமாடிக் கட்டடத்தின் கண்ணாடி முகப்பு, இரு நாடுகளுக்கு இடையிலான முள்வேலி, ஒருவரின் மரணம், நோயாளியின் கண்ணில் இறங்கும் நிழல் ஆகிய அனைத்துக்கும் இதே சொல் பயன்படுகிறது. அகராதியில் முதலில் காணப்படும் பொருளை எடுத்து எல்லா இடங்களிலும் 'திரைச்சீலை' என்று எழுதினால் வாக்கியம் பொருளற்றுப் போகும். சில வேளைகளில் நேர்மாறான பொருளும் வந்துவிடும்.

இப்பொருள்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வீட்டில் தொங்கும் ஒரு சாதாரணத் திரைக்கு நான்கு பண்புகள் உண்டு. அது மேலிருந்து தொங்குகிறது. ஓர் இடத்தை இரண்டாகப் பிரிக்கிறது. அப்பால் உள்ளதை மறைக்கிறது. வேண்டும்போது திறக்கவும் மூடவும் இடம் தருகிறது. கர்ட்டன் என்னும் சொல்லின் ஒவ்வொரு வழிப்பொருளும் இந்நான்கில் ஒன்றையோ இரண்டையோ எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறது. எந்தப் பண்பு எடுத்துக்கொள்ளப்பட்டது என்று பார்த்தால் பொருள் தெளிவாகும்.

சொற்பிறப்பு

இச்சொல் பழைய பிரெஞ்சு மொழியின் 'கூர்த்தீன்' என்னும் சொல் வழியாக இடைக்கால ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலம் இலத்தீன் மொழியின் 'கோர்ட்டீனா' ஆகும். பண்டைய இலத்தீனில் கோர்ட்டீனா என்பது கொப்பரையைக் குறித்தது. பிற்கால இலத்தீனில்தான் அது திரை என்னும் பொருளைப் பெற்றது. விவிலியத்தின் இலத்தீன் மொழிபெயர்ப்பான வுல்கத்தாவில், யாத்திராகமம் 26ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் பத்துத் துணித்திரைகள் இச்சொல்லால் குறிக்கப்படுகின்றன. ஒவ்வொரு திரையும் 28 முழ நீளமும் 4 முழ அகலமும் கொண்டது என்று அங்கே அளவும் தரப்பட்டுள்ளது. கிரேக்க மொழியில் முற்றம் என்னும் சொல்லிலிருந்து திரைக்குப் பெயர் அமைந்திருந்ததைப் பின்பற்றியே, முற்றத்தோடு தொடர்புடைய ஒலியமைப்பு கொண்ட கோர்ட்டீனா என்ற சொல் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது சொல்லாய்வாளர் தரும் விளக்கம்.

வீட்டுத் திரை

இன்று கர்ட்டன் என்றதும் சன்னல் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஆங்கிலத்தில் இச்சொல்லின் பழைய வழக்கு கட்டிலைச் சார்ந்தது. ஐரோப்பாவின் குளிர் நாடுகளில் வசதி படைத்தோர் நான்கு தூண்கள் கொண்ட கட்டிலைச் சுற்றிக் கனத்த துணிகளைத் தொங்கவிட்டனர். அவை குளிரைத் தடுத்தன. பணியாளர்கள் வந்துபோகும் அறையில் தனிமையையும் தந்தன.

அந்தக் கட்டில் திரையிலிருந்து பிறந்ததே 'கர்ட்டன் லெக்சர்' என்னும் தொடர். திரை மூடிய கட்டிலில் மனைவி கணவனுக்குத் தனிமையில் நடத்தும் 'பாடம்', அதாவது ஏச்சு என்பது இதன் பொருள். 17ஆம் நூற்றாண்டிலிருந்து இது வழக்கில் உள்ளது. 1845இல் டக்ளஸ் ஜெரால்ட் 'பஞ்ச்' இதழில் எழுதிய திருமதி காடில் நகைச்சுவைத் தொடர் இதனைப் பெரிதும் பரப்பியது. இதைத் 'திரைச்சீலைச் சொற்பொழிவு' என்று மொழிபெயர்த்தால் ஒன்றும் விளங்காது. தமிழில் உள்ள 'தலையணை மந்திரம்' இதற்கு அருகில் வருகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தலையணை மந்திரம் இனிமையாகச் சொல்லிக் காரியம் சாதிப்பது. கர்ட்டன் லெக்சர் கடிந்துகொள்வது.

சன்னல் திரையை மூடுவதற்கு ஆங்கிலத்தில் 'டிரா' என்னும் வினை பயன்படுகிறது. இதன் நேர்ப்பொருள் 'இழு' என்பதே. எனவே அது மூடுவதையும் குறிக்கலாம், திறப்பதையும் குறிக்கலாம். மூடுதல் என்னும் பொருளே பெரும்பான்மை. ஆயினும் கதையில் அப்போது பொழுது விடிகிறதா, இரவு வருகிறதா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். சன்னல் திரையைச் சற்றே விலக்கி அயலார் நடமாட்டத்தை வேவு பார்ப்பவரைப் பிரித்தானியாவில் 'கர்ட்டன் டுவிச்சர்' என்பர். அமெரிக்காவில் கனத்த சன்னல் திரைகளுக்கு 'டிரேப்ஸ்' என்னும் சொல்லும் வழங்குகிறது.

நாடக மேடை

சன்னல் திரை பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்கிறது. மேடைத் திரையோ பல அரங்குகளில் மேலே எழுகிறது, கீழே இறங்குகிறது. இந்த வேறுபாட்டால் 'திரை எழுதல்' தொடக்கத்துக்கும் 'திரை விழுதல்' முடிவுக்கும் ஆங்கிலத்தில் உவமையாயின. தமிழ் நாளிதழ்கள் எழுதும் 'திரை விழுந்தது' என்னும் தொடரும் இதே கருத்தைத் தருகிறது.

முதன்மை நாடகத்துக்கு முன் நடிக்கப்பட்ட குறுநாடகம் 'கர்ட்டன் ரைசர்' எனப்பட்டது. இன்று அது பெரிய நிகழ்ச்சிக்கு முன் நடக்கும் சிறு நிகழ்ச்சியைக் குறிக்கிறது. இந்தியாவில் இதற்குத் தனிப் பொருள் ஒன்று ஏற்பட்டுள்ளது. விழாவுக்கோ மாநாட்டுக்கோ முன்னர் வெளியிடப்படும் அறிமுகச் செய்தியும் இப்பெயர் பெறுகிறது. நடுவண் அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமும் இத்தலைப்பில் செய்திக்குறிப்புகள் வெளியிடுகிறது. 'முன்னோட்டம்' என்பதே இதற்குப் பொருத்தமான தமிழ். நாடகம் முடிந்தபின் நடிகர்கள் மீண்டும் தோன்றிக் கைதட்டலை ஏற்று வணங்குவது 'கர்ட்டன் கால்'. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேச்சு வழக்கில் இச்சொல்லின் பன்மை வடிவமான 'கர்ட்டன்ஸ்' மரணத்தையும் அழிவையும் குறிக்கத் தொடங்கியது. துப்பறியும் கதையில் ஒருவனுக்குக் கர்ட்டன்ஸ் என்று வந்தால், 'அவன் கதை முடிந்தது' என்று கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு பொறியும் உண்டு. இலண்டனின் சோர்டிச் பகுதியில் 1577இல் 'தி கர்ட்டன்' என்னும் நாடக அரங்கு திறக்கப்பட்டது. சேக்சுபியரின் குழுவினர் அங்கு நடித்துள்ளனர். பெயரைக் கண்டவுடன் மேடைத் திரையால் வந்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் அக்காலத்து ஆங்கிலப் பொது அரங்குகளில் மேடையின் முன்னே திரை கிடையாது. அரங்கு அமைந்த நிலத்தின் பெயரே கர்ட்டன். அப்பெயரையே அரங்குக்கும் இட்டனர். அப்பகுதியில் கர்ட்டன் சாலை இன்றும் உள்ளது. அரங்கின் அடித்தளம் கண்டறியப்பட்ட செய்தி 2012இல் வெளியானது.

தீத்தடுப்புத் திரை

மெழுகுவர்த்தியாலும் பின்னர் எரிவாயு விளக்காலும் ஒளியூட்டப்பட்ட அரங்குகளில் தீ விபத்துகள் அடிக்கடி நேர்ந்தன. மேடையில் வண்ணத்துணிகளும் மரச்சட்டங்களும் நிறைந்திருந்ததால் தீ பெரும்பாலும் அங்கேயே தொடங்கியது. அது பார்வையாளர் பகுதிக்குப் பரவாமல் தடுக்க, மேடைக்கும் பார்வையாளருக்கும் இடையே இரும்பால் ஆன திரையை இறக்கும் முறை உருவானது. இலண்டனின் துரூரி லேன் அரங்கில் 1794இல் இத்தகைய இரும்புத் திரை அமைக்கப்பட்டது. ஆயினும் அவ்வரங்கு 1809இல் எரிந்து அழிந்தது.

திரை இருந்தால் மட்டும் போதாது, அது உரிய நேரத்தில் இறங்க வேண்டும் என்பதைப் பல விபத்துகள் உணர்த்தின. 1881 டிசம்பர் 8 அன்று வியன்னாவின் ரிங் அரங்கில் தீப்பற்றியபோது இரும்புத் திரை இறக்கப்படவில்லை, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1887இல் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகர அரங்கில் 186 பேர் இறந்தனர். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இராக்குவா அரங்கில் பகல் காட்சியின்போது தீப்பற்றியது. திறந்து ஐந்து வாரங்களே ஆன அந்த அரங்கு தீப்பிடிக்காதது என்று விளம்பரம் செய்யப்பட்டிருந்தது. கல்நார்த் திரையை இறக்கியபோது அது வழியில் சிக்கிப் பாதியில் நின்றது. நடிகர்கள் தப்பிச் செல்லப் பின்கதவைத் திறந்ததும் உள்ளே பாய்ந்த காற்று, திரையின் அடியில் இருந்த இடைவெளி வழியே தீயைப் பார்வையாளர் மீது தள்ளியது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் மிகுதி.

இதனால்தான் பிரித்தானிய அரங்குகளில் ஒவ்வொரு காட்சியிலும் பார்வையாளர் கண்முன்னே இத்திரையை ஒருமுறை இறக்கி ஏற்றிக் காட்டும் வழக்கம் ஏற்பட்டது. இது பொதுவாக இடைவேளையில் நடைபெறும். இங்குத் திரையின் வேலை மறைப்பதன்று, பிரித்துக் காப்பது.

இரும்புத்திரை

உலக வரலாற்றில் மிகுதியாகப் பேசப்பட்ட 'அயன் கர்ட்டன்' என்னும் தொடர், மேற்கூறிய அரங்கின் இரும்புத் திரையிலிருந்து வந்ததே. ஐரோப்பியர் நாடக அரங்கில் கண்ட பொருள் என்பதால் அவ்வுவமை அவர்களுக்கு உடனே விளங்கியது. பிரித்தானியப் பெண் அரசியலாளர் எத்தல் சுனோடன் 1920இல் வெளியான தம் உருசியப் பயண நூலில் இத்தொடரைப் பயன்படுத்தினார். 1945 பிப்ரவரியில் செருமனியின் பரப்புரை அமைச்சர் கோயபல்சும் அதனை எழுதினார். 1946 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து ஃபுல்டன் நகரில், வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரியில் வின்ஸ்டன் சர்ச்சில் ஆற்றிய உரைக்குப் பின்னரே அது உலகெங்கும் பரவியது. அப்போது அவர் பிரதமர் பதவியில் இல்லை. குடியரசுத் தலைவர் ட்ரூமன் மேடையில் இருந்தார். பால்டிக் கடலோரத்து ஸ்டெட்டின் முதல் ஏட்ரியாட்டிக் கடலோரத்து ட்ரியஸ்டே வரை ஐரோப்பா இரண்டாகப் பிரிக்கப்பட்டுவிட்டது என்பது அவர் சொன்ன செய்தி.

தொடக்கத்தில் இது உவமை மட்டுமே. பின்னர் முள்வேலியும் கண்ணிவெடியும் காவல் கோபுரமுமாக அது உண்மையான தடுப்பாகவே மாறியது. கிழக்கு, மேற்கு செருமனிகளுக்கு இடையே மட்டும் எல்லைக்கோடு சுமார் 1,400 கிலோமீட்டர் நீண்டது. 1961 ஆகஸ்டு 13 அன்று எழுப்பத் தொடங்கிய பெர்லின் சுவரில் மட்டும் குறைந்தது 140 பேர் உயிரிழந்தனர். 1989 மே மாதம் அங்கேரி தன் எல்லை வேலியை அகற்றத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறக்கப்பட்டது.

அரங்கில் மக்களைத் தீயிலிருந்து காத்த ஒன்றின் பெயர், அரசியலில் மக்களை அடைத்து வைத்த ஒன்றுக்குப் பெயராயிற்று. பிரித்தல், மறைத்தல் என்னும் பண்புகள் மட்டும் எஞ்சின. திறந்து மூடும் பண்பு மறைந்தது. இதே அச்சில் கம்யூனிசச் சீனாவைச் சுற்றி இருந்த தடையை 'மூங்கில் திரை' என்றும், கியூபாவின் குவாண்டானமோ அமெரிக்கத் தளத்தைச் சுற்றி நடப்பட்ட முட்செடி வேலியைக் 'கள்ளித் திரை' என்றும் அழைத்தனர்.

'இரும்புத்திரை' என்னும் மொழிபெயர்ப்பு தமிழில் நன்கு வேரூன்றிவிட்டது. 1960இல் ஜெமினி நிறுவனம் எடுத்த, ஆலைத் தொழிலாளர் வாழ்வைக் கூறும் படத்துக்கும், 2018இல் இணையக் குற்றங்களைப் பற்றி வந்த படத்துக்கும் இதுவே பெயர். இரண்டும் ஐரோப்பிய எல்லையைப் பற்றியவை அல்ல. கடக்க இயலாத மறைப்பு என்னும் பொதுப் பொருளே அவற்றில் உள்ளது.

கட்டடக் கலை

'கர்ட்டன் வால்' என்னும் தொடர் இரண்டு எதிரெதிர்ப் பொருள்களைத் தருகிறது. கோட்டைக் கலையில் இது இரு கோபுரங்களுக்கோ கொத்தளங்களுக்கோ இடைப்பட்ட மதிலைக் குறிக்கும். இரு தூண்களுக்கு நடுவே கட்டிய துணிபோல அது நிற்கிறது. ஆனால் பகைவரின் தாக்குதலைத் தாங்கும் கனத்த கற்சுவர் அது. வேல்சு நாட்டில் 1295இல் கட்டத் தொடங்கிய போமாரிசு கோட்டையில் இத்தகைய மதில் இரு சுற்றுகளாக உள்ளது.

தற்காலக் கட்டடப் பொறியியலில் இதே தொடர் சுமை தாங்காத மெல்லிய வெளிச்சுவரைக் குறிக்கிறது. கட்டடத்தின் எடையைத் தூண்களும் தளங்களும் தாங்குகின்றன. கண்ணாடியும் உலோகச் சட்டமும் கொண்ட முகப்பு, திரைபோல அவற்றில் மாட்டித் தொங்குகிறது. தன் எடையையும் காற்றின் விசையையும் மட்டுமே அது தாங்க வேண்டும். லிவர்பூலில் 1864இல் கட்டிய ஓரியல் சேம்பர்ஸ் இதன் முன்னோடிகளுள் ஒன்று. நியூயார்க்கின் லீவர் ஹவுஸ் 1952இல் இம்முறையைப் புகழ்பெறச் செய்தது.

மெல்லிய சுவர் என்பதால் அதில் பிழை சிறிதாகாது. பாஸ்டன் நகரின் 60 மாடி ஜான் ஹான்காக் கோபுரத்திலிருந்து 1973இல் கண்ணாடிப் பலகைகள் பெயர்ந்து விழுந்தன. ஒவ்வொன்றும் 200 கிலோவுக்கு மேற்பட்ட எடை கொண்டது. இரட்டைக் கண்ணாடியை இணைத்த ஈயப் பற்று நெகிழ்ச்சியின்றி இருந்ததே காரணம் எனக் கண்டறியப்பட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பலகைகள் அனைத்தும் மாற்றப்பட்டன. அதுவரை பல சன்னல்களை ஒட்டுப்பலகையால் மூடி வைத்தனர்.

கட்டடச் செய்தியில் இத்தொடர் வந்தால் 'தொங்கு முகப்பு' என்றும், கோட்டை வரலாற்றில் வந்தால் 'இடைமதில்' என்றும் எழுதலாம்.

அறிவியலும் தொழில்நுட்பமும்

அணையின் அடிப்பாறையில் வரிசையாகத் துளையிட்டுச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தி, கசிவைத் தடுக்கும் அரண் ஒன்றை உருவாக்குவர். நிலத்தடியில் உள்ள இந்த அரணும் கர்ட்டன்தான். குளிரூட்டப்பட்ட கடைகளின் வாயிலில் மேலிருந்து வீசும் காற்றுத் திரை வெளிவெப்பத்தைத் தடுக்கிறது. தொழிற்சாலையில் அழுத்து எந்திரத்தின் முன் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வரிசையாகச் செலுத்தும் கருவி 'ஒளித்திரை' ஆகும். தொழிலாளியின் கை அக்கதிரை மறித்ததும் எந்திரம் நின்றுவிடும். கார்களில் பக்கச் சன்னலுக்கு மேலிருந்து விரிந்து இறங்கித் தலையைக் காக்கும் காற்றுப்பைக்கும் இப்பெயர் உண்டு. ஒளிப்படக் கருவியின் மூடியில் அடுத்தடுத்து நகரும் இரு தகடுகளை முதல் திரை, இரண்டாம் திரை என்பர். துருவப் பகுதி வானில் மடிப்பு மடிப்பாக அசையும் ஒளிக்கோலமும், சுண்ணாம்புக் குகையின் கூரையிலிருந்து துணிபோல் தொங்கும் கற்படிவும் தோற்றத்தால் இப்பெயர் பெற்றன.

மருத்துவம்

இச்சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வது உயிரையும் பார்வையையும் காக்கக்கூடிய இடம் மருத்துவம். ஆங்கில மருத்துவக் குறிப்புகளில் 'கண்ணின் மேல் கர்ட்டன் இறங்கியதுபோல்' என்னும் விவரிப்பு அடிக்கடி வரும். இது அலங்காரப் பேச்சன்று, ஓர் அறிகுறி.

ஒரு கண்ணில் திடீரெனத் திரை இறங்குவதுபோல் பார்வை மறைந்து சில நிமிடங்களில் திரும்பினால், விழித்திரைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். கழுத்துத் தமனியிலிருந்து பெயர்ந்த சிறு அடைப்பு இதற்குக் காரணமாகலாம். இது பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பாக அமையக்கூடும். பார்வை திரும்பிவிட்டதே என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கண்முன் புள்ளிகள் மிதந்து, மின்னல்போல் ஒளி தெறித்து, ஓரத்திலிருந்து திரைபோன்ற நிழல் படர்ந்தால் விழித்திரை பிரிந்திருக்கலாம். இதற்கு வலி இராது என்பதால் பலர் காலம் தாழ்த்துகின்றனர். அன்றே கண் மருத்துவரைப் பார்த்தால் பார்வையைக் காக்க வாய்ப்பு உண்டு.

'கண்ணில் திரை' என்று மட்டும் தமிழில் எழுதினால் படிப்பவர் அதனைக் கண்புரை என்று கருதக்கூடும். புரை மெல்ல மெல்ல மாதக்கணக்கில் வளர்வது. இங்கோ நிமிடங்களும் மணிகளும் முக்கியம். எனவே 'திடீரெனத் திரை இறங்கியதுபோல் மறைந்தது' என்று வினையோடு சேர்த்தே எழுத வேண்டும்.

தமிழில் திரை

தமிழில் திரை என்னும் சொல்லுக்கும் பல பொருள்கள் உண்டு. கடலின் அலையும், முதுமையில் தோலில் விழும் சுருக்கமும் திரையே. 'நரை திரை மூப்பு' என்பது வழக்கு. மடிப்பும் சுருக்கமும் இப்பொருள்களை இணைக்கின்றன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மேடைத் திரையை எழினி என்கிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகை கூறுகிறது. தெருக்கூத்தில் இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து பாத்திரம் தன் வருகையை அறிவிக்கும். படுதா என்பது பாரசீகத்தின் 'பர்தா' உருது வழியே தமிழுக்கு வந்த வடிவம். ஆங்கிலத்தில் நாடகத்தின் கர்ட்டனும் படம் விழும் 'ஸ்கிரீனும்' வெவ்வேறு சொற்கள். தமிழில் இரண்டும் திரையே. ஆகவே 'திரைக்குப் பின்னால்' என்னும் தொடர் தமிழில் நாடக மறைவையும் குறிக்கும், திரைப்பட உலகையும் குறிக்கும்.

கர்ட்டன் என்னும் சொல்லை மொழிபெயர்ப்போர் முதலில் கேட்க வேண்டியது இங்குத் துணி இருக்கிறதா என்பதே. இருந்தால் திரைச்சீலை போதும். இல்லையெனில் அது தொங்குகிறதா, பிரிக்கிறதா, மறைக்கிறதா, முடித்துவைக்கிறதா என்று பார்க்க வேண்டும். விடைக்கேற்பத் தொங்கு முகப்பு, இடைமதில், தீத்தடுப்புத் திரை, இரும்புத்திரை, முன்னோட்டம், கதை முடிந்தது என்னும் தமிழ் வடிவங்களுள் உரியதைத் தேர்ந்துகொள்ளலாம்.